பெரிய சிப், சின்னச் சிப்: 2008 சண்டையில் ஜெயித்தது யார்?

திருப்பூரில் நிதியாண்டு முடிந்தால் ஒரு எண் பேப்பரில் வந்துவிடும்: பின்னலாடை ஏற்றுமதி இத்தனை ஆயிரம் கோடி. 2024-25க்கு அது ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். ஊரே அதைப் பற்றிப் பேசும். யூனிட் நடத்துகிறவரிடம் போய்க் கேட்டால், "டர்ன்ஓவர் பெருசாத்தானுங்க தெரியும், கையில என்ன நிக்குதுன்னு கேளுங்க" என்பார். நூல் விலை, சாயக் கூலி, பாங்க் வட்டி எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்பதுதான் அவருடைய கணக்கு.

கம்ப்யூட்டர் திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் சிப் தொழிலைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம்ம ஆட்களுக்கே இந்தக் கணக்கு மறந்துபோகிறது. கோவையில் இன்ஜினியரிங் படிக்கிற தம்பிகளிடம் கேட்டால், "என்விடியா ஜெயிச்சிருச்சுங்க, ஏஎம்டி எப்பவும் ரெண்டாவதுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இன்றைய பங்கு விலையை வைத்துப் பார்த்தால் அதில் தப்பில்லை. எதில் ஜெயித்தது, எந்த வருடக் கணக்கில், யார் பார்வையில் என்று கேட்கத் தொடங்கினால் கதை வேறு பக்கம் போகிறது. அதைப் பார்க்கத் தோதான வருடம் 2008. கிராபிக்ஸ் சிப் வடிவமைக்கும் இந்த இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் நேர் எதிரான உத்தியோடு மோதிக்கொண்ட வருடம் அது.

24க்கு 24, 16க்கு 16

2008 ஜூனில், பத்து நாள் இடைவெளிக்குள் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் (சிப்பும் மெமரியும் விசிறியும் சேர்ந்த அட்டைகள்) கடைக்கு வந்தன. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 280ல் இருந்த சிப்பில் 140 கோடி டிரான்சிஸ்டர்கள், அதாவது மிகச் சிறிய மின் சுவிட்சுகள். பரப்பளவு 576 சதுர மில்லிமீட்டர், அதாவது பக்கத்துக்கு 24 மில்லிமீட்டர். கார்டின் விலை 649 டாலர். ஏஎம்டியின் ரேடியான் ஹெச்டி 4870 சிப்பில் 95.6 கோடி டிரான்சிஸ்டர்கள். பரப்பளவு சுமார் 256 சதுர மில்லிமீட்டர், பக்கத்துக்கு 16. விலை 299 டாலர். இரண்டு சிப்பையும் செய்து கொடுத்தது ஒரே கம்பெனி, தைவானின் டிஎஸ்எம்சி. ஏஎம்டி புதிய 55 நானோமீட்டர் முறைக்குப் போயிருந்தது. என்விடியா கைபழகிய 65லேயே நின்றது. இந்த எண் குறைந்தால் அதே வேலையைச் சின்னச் சிப்பில் அடக்கலாம்.

வேகத்தில் 280தான் முன்னால். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் என்விடியா 399 டாலருக்கு விற்ற ஜிடிஎக்ஸ் 260ஐ, 299 டாலர் 4870 பல விளையாட்டுகளில் தொட்டது, சிலவற்றில் தாண்டியது. சில வாரங்களிலேயே 280ன் விலை 499க்கும் 260ன் விலை 299க்கும் இறங்கிவிட்டது. அவசரப்பட்டு முதலிலேயே வாங்கியவர்களுக்கு வித்தியாசப் பணத்தைச் சில கார்டு கம்பெனிகள் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

சிப் பெரிதாக இருப்பதில் என்ன நஷ்டம் என்பதைத் திருப்பூர் கட்டிங் மாஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணியில் அங்கங்கே ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை இருக்கத்தான் செய்யும். அந்தத் துணியில் பெரிய சைஸ் டி-ஷர்ட் வெட்டினால் ஒரு ஓட்டைக்கு ஒரு பெரிய பீஸ் போய்விடும். குழந்தை ஜட்டி வெட்டினால் ஒரு துண்டுதான் போகும், பக்கத்துத் துண்டெல்லாம் தேறிவிடும். ஓரத்தில் கழிந்துபோகும் துணியும் பெரிய பீஸுக்குத்தான் அதிகம்.

சிப் வெட்டப்படும் சிலிக்கன் வட்டத் தகட்டின், அதாவது வேஃபரின், விட்டம் 300 மில்லிமீட்டர். 576 சதுர மில்லிமீட்டர் சிப் என்றால் ஒரு தகட்டில் 95 போல வரும். 256 என்றால் 235 போல வரும். ஒரு பேச்சுக்குத் தகட்டில் 100 குறைகள் தாறுமாறாக விழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் பெரிய சிப்பில் குறையே இல்லாமல் தேறுவது 42 அளவுக்குத்தான். சின்னச் சிப்பில் 160ஐத் தாண்டும். பரப்பளவில் வித்தியாசம் இரண்டேகால் மடங்கு. தேறுவதில் வித்தியாசம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

குறைபட்டதெல்லாம் குப்பைக்குப் போவதில்லை. திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் செகண்ட்ஸுக்கும் ஆள் இருப்பது மாதிரி இங்கேயும் உண்டு. பழுதான பகுதியை அணைத்துவிட்டு, விலை குறைந்த மாடலாக விற்பார்கள். ஜிடிஎக்ஸ் 260 அப்படி வந்ததுதான். 280ல் 240 கணக்கு அலகுகள், 260ல் 192. அதனால்தான் 260ன் விலை 299க்கு இறங்கியது என்விடியாவுக்கு வலித்திருக்கும். செகண்ட்ஸ் என்று விற்றாலும் உள்ளே இருப்பது 576 சதுர மில்லிமீட்டர் சிலிக்கன். அதே விலையில் எதிரே நிற்பதில் இருப்பது 256.

சிப்பைச் சின்னதாக்க இன்னொரு தடையும் இருந்தது. அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கிராபிக்ஸ் சிப்புக்கு மெமரியிலிருந்து தகவல் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கம்பிகளுக்கான முனைகள் சிப்பின் விளிம்பில்தான் உட்கார்கின்றன. 280ல் மெமரிப் பாதையின் அகலம் 512 பிட். அதற்கு நீளமான விளிம்பு வேண்டும். சிப் சுருங்கினால் விளிம்பும் சுருங்கும், பாதையும் குறுகும், அப்புறம் எத்தனை கணக்கு அலகு வைத்தும் பயனில்லை. ஏஎம்டி 256 பிட்டோடு நிறுத்திக்கொண்டு, அப்போது புத்தம் புதிதாக இருந்த ஜிடிடிஆர்5 மெமரியைப் போட்டது. அந்த மெமரியோடு வந்த முதல் கார்டே 4870தான். பாதி அகலப் பாதையில் விநாடிக்கு 115 ஜிகாபைட் ஓடியது. என்விடியாவின் அகலப் பாதையில் 141.

மெமரி கம்பெனிகள் சொன்ன நேரத்துக்குச் சரக்கு தந்திருக்காவிட்டால் மொத்தத் திட்டமும் படுத்திருக்கும். சின்னச் சிப் என்றால் பயந்து செய்த சிக்கன வேலை என்று ஒரு பேச்சு உண்டு. என்னைக் கேட்டால் 2008ல் அதிக ரிஸ்க் எடுத்தவர்கள் ஏஎம்டிதான்.

உச்சிக்கு என்ன செய்வது என்பதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது: ஒரே அட்டையில் இரண்டு சின்னச் சிப். ஆகஸ்டில் 4870 எக்ஸ்2 என்ற பெயரில் 549 டாலருக்கு வந்தது, 280ஐத் தாண்டவும் செய்தது. பெட்டியில் 2 ஜிபி மெமரி என்று போட்டிருக்கும். இரண்டு சிப்பும் ஒரே படத்தகவலைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதால் உண்மையில் பயன்பட்டது 1 ஜிபி. ஒரு பிரேமை, அதாவது திரையில் வரும் ஒரு படத்தை, ஒரு சிப், அடுத்ததை மற்றது என்று மாற்றி மாற்றி வரையும். கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் ஒத்துழைக்காத விளையாட்டில் இரண்டாவது சிப் சும்மா உட்கார்ந்திருக்கும். பழைய யோசனைதான் இது. 2000ல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி வூடூ5 5500 கார்டில் இரண்டு சிப் வைத்து விற்றது, நான்கு சிப் வைத்த 6000 கடைக்கே வரவில்லை, அந்த டிசம்பரிலேயே கம்பெனியின் சொத்துகளை என்விடியா வாங்கிவிட்டது.

லாபம் எங்கே போனது

கார்டு வாங்கியவர் கணக்கில் 2008ல் ஜெயித்தது ஏஎம்டி. சிப் வடிவமைப்பாளர் கணக்கிலும் அப்படித்தான், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அவர்கள் எடுத்த வேலை அதிகம். 2009 செப்டம்பரில் வந்த ஹெச்டி 5870 அதே பாதையில் போய், விளையாட்டுகளுக்கான மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 11 தரத்தை முதலில் கொண்டுவந்தது. என்விடியாவின் பதில் அரை வருடம் தாமதமாக, 2010 மார்ச்சில் ஜிடிஎக்ஸ் 480 என்று வந்தது: 300 கோடி டிரான்சிஸ்டர், 529 சதுர மில்லிமீட்டர், 250 வாட். சிப்பில் இருந்த 512 அலகுகளில் 32ஐ அணைத்துவிட்டுத்தான் விற்க முடிந்தது. சூடும் விசிறிச் சத்தமும் கேலிப்பொருளாயின. அப்போது கோவையில் கரண்ட் கட் வேறு. யுபிஎஸ் வைத்து கேம் ஓட்டியவர்களுக்கு 250 வாட் எவ்வளவு பெரிய எண் என்று நன்றாகவே தெரியும். 2010 நடுவில் தனி கார்டுகளின் எண்ணிக்கையில் ஏஎம்டி என்விடியாவை லேசாக முந்தியதாகச் சந்தைக் கணக்குகள் காட்டின.

என்விடியாவின் கணக்குப் புத்தகமும் அடி வாங்கியது. 2008 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் 79.8 கோடி டாலர் நிகர லாபம். அடுத்த ஆண்டில் 3 கோடி டாலர் நஷ்டம். லேப்டாப் சிப்களில் வந்த பழுதுக்காக 19.6 கோடி டாலரை ஒதுக்க வேண்டி வந்தது தனி அடி. 2007 இலையுதிர் காலத்து உச்சத்திலிருந்து ஒரு வருடத்தில் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. உலகப் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்ட நேரம், எல்லாவற்றையும் சிப் அளவின் தலையில் கட்ட முடியாது.

சரி, ஜெயித்தவரின் புத்தகம் எப்படி இருந்தது? ஏஎம்டிக்கு 2007ல் நஷ்டம் 338 கோடி டாலர். 2008ல் 310 கோடி டாலர்.

காரணம் கிராபிக்ஸ் இல்லை, கிராபிக்ஸை வாங்கிய விலை. கனடாவின் கிராபிக்ஸ் சிப் கம்பெனியான ஏடிஐயை 2006ல் 540 கோடி டாலருக்கு ஏஎம்டி வாங்கியது. அதில் 250 கோடி கடன். வாங்கிய கையோடு இன்டெல்லின் பிராசஸர்கள் ஏஎம்டியைப் புரட்டி எடுத்தன. வாங்கிய கம்பெனியின் பெரிய நம்பிக்கையாக இருந்த ஹெச்டி 2900 எக்ஸ்டி, 512 பிட் பாதையும் பெரிய சிப்புமாக 2007 மேயில் தாமதமாக வந்து, சூடாகி, தோற்றது. சின்னச் சிப் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. ரிக் பெர்க்மன் தலைமையிலான கிராபிக்ஸ் குழு, உச்சிக் கார்டுக்காக ஓடுவதை விட்டுவிட்டு, நிறையப் பேர் வாங்கும் விலைக்கு முதலில் சிப் செய்வது என்று திட்டம் போட்டது. அது பலித்தது. ஆனால் அது சம்பாதித்ததெல்லாம் தாய்க் கம்பெனியின் ஓட்டையை அடைக்கத்தான் போனது. ஏடிஐக்குக் கொடுத்த விலையில் பெரும் பகுதியைக் கணக்கில் நஷ்டமாகவே எழுத வேண்டி வந்தது. 2009ல் ஏஎம்டி தன் சிப் ஆலைகளையே தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் கைபேசிக் கிராபிக்ஸ் பிரிவை குவால்காமுக்கு 6.5 கோடி டாலருக்கு விற்றது. குவால்காமின் ஸ்னாப்டிராகன் சிப் வைத்த போன் கையில் வைத்திருப்பவர்கள் இன்று பயன்படுத்தும் அட்ரினோ கிராபிக்ஸ் அந்த வழியில் வந்ததுதான். கடனுக்கு வட்டி கட்டுகிறவன் விற்கிற நிலம் பெரும்பாலும் நாளைக்கு விலை ஏறுகிற நிலமாகத்தான் இருக்கும்.

ஆகவே சின்னச் சிப் உத்தி தோற்றது என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். உத்தி செய்ய வேண்டியதைச் செய்தது. அதன் பலனை மறுபடி அதே தொழிலில் போட வழியில்லாத வீட்டில் அது பிறந்தது.

நோட்பேடில் திருத்திய ஃபைல்

என்விடியா பக்கம் நடந்தது வேறு. பெரிய சிப்பில் விளையாட்டுக்குத் தேவைப்படாத இடம் கொஞ்சம் இருந்தது. துல்லியமான எண் கணக்குக்குத் தனி அலகுகள், அலகுகள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்ளச் சின்ன மெமரிகள் என்று. 2006 நவம்பரில் வந்த 8800 ஜிடிஎக்ஸ் கார்டோடு குடா என்ற புரோகிராம் எழுதும் முறையை அறிவித்திருந்தார்கள். கிராபிக்ஸ் சிப்பில் படம் வரைவதைத் தவிர வேறு கணக்கும் போடலாம், அதற்கு சி மொழி தெரிந்தால் போதும் என்பதுதான் அதன் சாரம். விளையாட்டு மட்டும் ஆடுகிறவருக்கு இந்த இடமெல்லாம் தண்டம். 2008ல் விமர்சகர்கள் அதைச் சொல்லவும் செய்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. வெறும் கணக்குத் திறனை எண்ணினால் அன்றைக்கு முன்னால் இருந்தது ஏஎம்டி. 4870 விநாடிக்கு 1.2 லட்சம் கோடி கணக்குப் போடும் என்றால் 280ன் எண் 0.93 லட்சம் கோடி. துல்லியக் கணக்கிலும் ஏஎம்டிக்கே அதிகம். ஆக, கணக்குப் போடும் சந்தையை என்விடியா பிடித்ததற்குச் சிப்பின் பரப்பளவு காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஏஎம்டியின் 800 அலகுகள் ஐந்தைந்தாகக் கட்டப்பட்டிருந்தன. ஐந்துக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைத்தால்தான் அந்த 1.2 வரும். படம் வரைவதில் அந்த மாதிரி வேலை தானாகவே அமையும். மற்ற கணக்குகளில், புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் தேடித் தேடி நிரப்ப வேண்டும், பாதி நேரம் இரண்டு மூன்று அலகுகள் சும்மா இருக்கும். இதைவிடப் பெரிய குறை சாஃப்ட்வேரில் இருந்தது. குளோஸ் டு மெட்டல், ப்ரூக் பிளஸ், ஸ்ட்ரீம், அப்புறம் ஓப்பன்சிஎல் என்று ஏஎம்டியின் வழிகள் மாறிக்கொண்டே இருந்தன. பாடம் எழுதுகிறவர், புத்தகம் போடுகிறவர், கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறவர் யாரும் இவ்வளவு அடிக்கடி மாறுகிற ஒன்றைப் பிடிக்க மாட்டார்கள். என்விடியா ஒரே பெயரை வைத்துக்கொண்டு, அடிமட்ட விலைக் கார்டான 8400 ஜிஎஸ் வரைக்கும் அது ஓடும்படி செய்தது. பீளமேட்டில் ஹாஸ்டலில் இருக்கும் மாணவர் வீட்டில் கேட்டு வாங்கக்கூடிய கார்டு அது. லட்சக்கணக்கில் போகும் ஆராய்ச்சிக் கார்டில் ஓடும் புரோகிராமை அதிலேயே எழுதிப் பழகலாம், மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

கொங்குப் பக்கத்தில் இது முதலில் கண்ணில் பட்ட இடம் என்று நான் நினைப்பது கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களை. 2010 வாக்கில் ஈரோடு, கோபி, பெருந்துறைப் பக்கம் வீடியோக்காரர்கள் டேப் கேமராவை விட்டு டிஎஸ்எல்ஆருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் சீர், இணைச்சீர், மறுநாள் முகூர்த்தம் என்று மணிக்கணக்கில் ஃபுல் ஹெச்டி ஃபுட்டேஜ் வந்து விழும். டைம்லைனில் போட்டால் படம் தத்தித் தத்தி ஓடும். அந்த வருடம் வந்த அடோபி பிரீமியர் சிஎஸ்5, கிராபிக்ஸ் கார்டை வைத்து அதைச் சரளமாக ஓட்டிக் காட்டியது. ஆனால் குடா இருந்தால்தான் ஓடும், அதிலும் அடோபி பட்டியலில் இருக்கும் சில கார்டுகளில் மட்டும். அந்தப் பட்டியல் பிரீமியர் ஃபோல்டருக்குள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக இருந்தது. நோட்பேடில் திறந்து தன் கார்டின் பெயரை ஒரு வரி சேர்த்துச் சேமித்தால், பட்டியலில் இல்லாத ஜிஃபோர்ஸும் வேலை செய்யும். இந்த வித்தை உலகம் முழுக்கப் பரவியது. ரேடியானின் பெயரை எழுதினால் ஒன்றும் நடக்காது.

அதற்குப் பிறகு கடைக்குப் போனால் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணா, ரேடியான் வெல கம்மியா இருக்குதுங்களே?"

"கேமுக்கா, எடிட்டிங்குக்கா தம்பி? எடிட்டிங்னா என்விடியா எடுத்துக்குங்க."

கடைக்காரருக்கு ஐந்தைந்தாகக் கட்டிய அலகுகள் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாங்கிப் போனவர் திரும்பி வந்து சண்டை போடக் கூடாது, அது போதும். ஒரு விளையாட்டில் எத்தனை பிரேம் என்று கணக்குப் பார்த்த சந்தையில், "என் சாஃப்ட்வேர் ஓடுமா" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விலை வித்தியாசம் இரண்டாம் பட்சம்.

2012ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் படங்களை அடையாளம் காணும் ஒரு நரம்பு வலைப்பின்னலை, அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் புரோகிராமை, கடைகளில் கிடைக்கும் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில் பயிற்றுவித்தார்கள். ஐந்தாறு நாள் ஓடியது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அலை அங்கிருந்துதான் கிளம்பியது. ஜிடிஎக்ஸ் 580 என்பது கேலிக்குள்ளான அந்த 480ன் திருத்திய வடிவம். ஏடிஐயின் தலைமையகம் இருந்த மார்க்கம் அதே டொராண்டோவின் புறநகர் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

இதை வைத்து, என்விடியா எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டது என்று கதை கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பாதிதான் உண்மை. எண்ணெய் வளம் தேடுகிறவர்கள், வானிலை ஆய்வாளர்கள், மருந்துக் கம்பெனிகள் என்று யாராவது வாங்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. நரம்பு வலைப்பின்னல் அந்த வரிசையில் பெரிதாக இல்லை. ஆனால் யார் வந்தாலும் உட்கார நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நஷ்டம் வந்த ஆண்டிலும் அதை எடுத்துவிடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குக் கூலி கொடுத்தது தொழில்முறை வடிவமைப்பாளர்கள் வாங்கிய குவாட்ரோ கார்டுகளின் கொழுத்த லாபம். ஏஎம்டிக்கு அந்த மாதிரி ஒரு பசு அப்போது இல்லை.

இடம் மாறிய உத்திகள்

2012ல் இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டார்கள். ஏஎம்டி ஐந்தைந்து கட்டை விட்டுவிட்டு, பொதுக் கணக்குக்கும் ஏற்ற புதிய வடிவமைப்போடு 352 சதுர மில்லிமீட்டரில் ஹெச்டி 7970ஐக் கொண்டுவந்தது, விலை 549 டாலர். மார்ச்சில் என்விடியா ஜிடிஎக்ஸ் 680ஐ இறக்கியது. சிப் 294 சதுர மில்லிமீட்டர்தான். விளையாட்டுகளில் பெரும்பாலும் அதுதான் முன்னால். விலை 499 டாலர்.

499. விலை குறைத்த பின் 280 விற்ற அதே தொகை. அன்றைக்கு அந்தப் பணத்துக்கு 576 சதுர மில்லிமீட்டர் கொடுத்தவர்கள், இப்போது அதில் பாதியைக் கொடுத்தார்கள். 28 நானோமீட்டர் தகட்டின் விலை அதிகம் என்பதையும், கார்டு என்றால் மெமரி, அட்டை, விசிறி எல்லாம் சேர்ந்தது என்பதையும் கழித்துக்கொண்டாலும் வித்தியாசம் பெரிது. அந்தத் தலைமுறையின் உண்மையான பெரிய சிப் முதலில் ஆராய்ச்சிக் கணினிகளுக்குப் போனது, டைட்டன் சூப்பர் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து. விளையாட்டுக்காரர்கள் கைக்கு 2013 பிப்ரவரியில் வந்தபோது விலை 999 டாலர். ஏஎம்டி 2008ல் கற்றுக்கொடுத்த பாடத்தை, வாடிக்கையாளருக்கு விலை குறைக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, என்விடியா எடுத்துக்கொண்டது. அதனிடம் நான் பார்த்த ஆகக் கெட்டிக்காரத்தனமான வேலை இதுதான், குடாவைவிட.

ஏஎம்டி அந்த வருடங்களில் பிழைத்தது மற்றவர்களுக்குச் செய்து கொடுத்து. 2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் உள்ளே இருந்தது ஏஎம்டியின் சிப். எண்ணிக்கை கோடிக்கணக்கில், மார்ஜின் மெலிசு, ஆர்டர் நிச்சயம். இரண்டு பெரிய விளையாட்டுப் பெட்டிகளும் ஏஎம்டி சிப்பில் ஓடிக்கொண்டிருந்த 2015லேயே அதன் பங்கு விலை 2 டாலருக்குக் கீழே கிடந்தது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற அளவும் கையில் என்ன நிற்கிறது என்ற அளவும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சின்னச் சிப் யோசனை அதற்குப் பிறகு பலித்த இடம் கிராபிக்ஸே இல்லை. லிசா சூ 2014 அக்டோபரில் தலைமைக்கு வந்த பிறகு, 2019ல் ஏஎம்டி தன் பிராசஸர்களைச் சுமார் 75 சதுர மில்லிமீட்டர் துண்டுகளாகப் பிரித்தது. எட்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டு கணக்குப் பகுதி, ஒரு துண்டில். பெரிய சர்வருக்கு எட்டுத் துண்டு, வீட்டுக் கணினிக்கு ஒன்றோ இரண்டோ. இன்டெல்லிடமிருந்து சர்வர் சந்தையில் ஒரு பெரிய பங்கைப் பிடித்தது அப்படித்தான். பிராசஸர் துண்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கொஞ்சம் மெதுவானாலும் வேலை நடக்கும். கிராபிக்ஸில் நடக்காது. ஒரு பிரேமுக்குள் எல்லா அலகும் எல்லாத் தகவலையும் தொட வேண்டியிருக்கிறது. அதனால் 2022ல் கிராபிக்ஸிலும் துண்டு போட்டுப் பார்த்தபோது, கணக்குப் பகுதியை 300 சதுர மில்லிமீட்டரில் ஒன்றாக வைத்து, மெமரிப் பகுதியை மட்டும் ஆறு சின்னத் துண்டாகப் பிரித்தார்கள். 2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி மறுபடி ஒரே சிப்: 357 சதுர மில்லிமீட்டர், 599 டாலர், உச்சிக்குப் போட்டி இல்லை. 2008ன் திட்டமேதான், எக்ஸ்2 மட்டும் இல்லாமல்.

பெரிய சிப்புக்கும் ஒரு சுவர் உண்டு. அச்சிடும் இயந்திரம் ஒரே தடவையில் பதிக்கக்கூடிய பரப்பு 26க்கு 33 மில்லிமீட்டர், 858 சதுர மில்லிமீட்டர். 2022ல் என்விடியாவின் செயற்கை நுண்ணறிவுச் சிப்பான ஹெச்100 814ஐத் தொட்டது. அதற்கு மேல் போக இடமில்லாமல், 2024ல் அறிவித்த அடுத்த தலைமுறையான பிளாக்வெல்லில் இரண்டு பெரிய சிப்பை ஒட்டி 20,800 கோடி டிரான்சிஸ்டர்களை ஒரே சிப் போல நடக்க வைத்திருக்கிறார்கள். சின்னதைச் சேர்க்கிறவர்களும் பெரியதை ஒட்டுகிறவர்களும் கடைசியில் ஒரே பட்டறை வாசலில் வந்து நிற்கிறார்கள்.

2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 13,050 கோடி டாலர். அதில் செயற்கை நுண்ணறிவு போன்ற பெரிய கணக்குகளுக்கான டேட்டா சென்டர் பிரிவு 11,520 கோடி, விளையாட்டுக் கார்டுகள் 1,135 கோடி. மொத்த லாப விகிதம் 75 சதவீதம். நஷ்டம் வந்த அந்த ஆண்டில் அது 34 ஆக இருந்தது. ஏஎம்டிக்கு 2024ல் வருமானம் 2,580 கோடி டாலர், நிகர லாபம் 164 கோடி. 2008ல் எந்தச் சந்தைக்காக இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்களோ, அது இன்று என்விடியா வருமானத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காந்திபுரத்தில் கார்டு வாங்க நிற்கிறவர் இன்றைக்கு அந்தக் கம்பெனியின் முக்கிய வாடிக்கையாளர் இல்லை. டிஎஸ்எம்சியில் கிடைக்கும் தகடுகளை எந்தச் சிப்புக்கு ஒதுக்குவது என்று முடிவெடுக்கும்போது அவருடைய முறை கடைசியில்தான் வரும்.

தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் இயந்திர உற்பத்திப் பூங்காக்களை அறிவித்திருக்கிறது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்ற எண்கள் பேப்பரில் வரும். துல்லியமாகக் கடைசல் போடத் தெரிந்த ஊர் இது, செய்து கொடுக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செய்து கொடுத்ததில் பீஸுக்கு என்ன நின்றது, அடுத்த ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றினால் வாங்குகிறவருக்கு என்ன சிரமம் என்ற இரண்டு எண்களைத்தான் நான் தேடுவேன். குடாவிடம் இருந்தது அந்த இரண்டாவது எண்.

அதன் விலை என்ன என்பதை ஏஎம்டி இப்போது வெளிப்படையாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐயோடு போட்ட ஒப்பந்தத்தில், தன் சிப்களைப் பெரிய அளவில் வாங்கினால், படிப்படியாக 16 கோடி பங்குகள் வரை பெயருக்கு ஒரு சென்ட் விலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமை எழுதிக் கொடுத்திருக்கிறது. கம்பெனியின் மொத்தப் பங்குகளில் அது ஏறக்குறைய பத்தில் ஒன்று.